ரிப்பேர் முடிந்து வந்த வண்டியில் ஸ்டீயரிங் இறுகிவிட்டதா? பழைய ஜிப்சி, ஜீப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். என்னிடம் 1998 மாடல் மாருதி ஜிப்சி இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கேரேஜில் முன் அச்சின் கிங்பின் (முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் ஊசி) பேரிங்குகளை மாற்றிக்கொண்டு வந்தேன். ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் நேராக வரும்வரை ஒன்றும் தெரியவில்லை. அல்சூர் ஏரியோரம் திரும்பினேன். வண்டி திரும்பியது, ஸ்டீயரிங் மட்டும் திரும்பி வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்துத்தான் நேராக்கினேன். கேரேஜில் கேட்டால், “புது பேரிங் சார், ஓட ஓட லூஸ் ஆயிடும்” என்றார்கள். ஆகவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வண்டிக்கு அடியில் படுத்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். அதிலிருந்து எங்கள் வட்டாரத்தில் யார் வண்டியில் ஸ்டீயரிங் இறுகினாலும் எனக்குத்தான் போன் வருகிறது. அப்படி வந்த கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை. பெரும்பாலும் ஜிப்சியை வைத்துத்தான் சொல்கிறேன். மற்ற வண்டிகள் வேறுபடும் இடத்தில் அதையும் சொல்கிறேன்.

ஜிப்சி ஸ்டீயரிங் எப்போதுமே கனம்தானே? இது கோளாறு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பவர் ஸ்டீயரிங் இல்லாத ஜிப்சி, நின்ற இடத்தில் திருப்பினால் கனமாகத்தான் இருக்கும். அது கோளாறு இல்லை. வண்டி மெல்ல நகர ஆரம்பித்ததும் பாதிக் கனம் போய்விட வேண்டும். திருப்பம் முடிந்து பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வர வேண்டும். இந்த இரண்டும் நடந்தால் வண்டி நன்றாகவே இருக்கிறது.

ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை என்றால் எங்கோ உராய்வு இருக்கிறது. கனத்தைவிட இதுதான் முக்கியமான அடையாளம். இறுக்கம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரியா, நடுவில் மட்டுமா, ஒரு பக்கம் திருப்பும்போது மட்டுமா, அல்லது ஒரு சுற்றுக்குள் இறுகி இளகி மறுபடி இறுகுகிறதா என்று கவனியுங்கள். மெக்கானிக்கிடம் “டைட்டா இருக்கு” என்று மட்டும் சொன்னால் அவர் கிரீஸ் அடித்து அனுப்பிவிடுவார். இந்த நாலில் எது என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

முதலில் எதைப் பார்ப்பது?

கடைசியாக யார் எதைத் தொட்டார்கள் என்று பாருங்கள். ரிப்பேருக்கு முன் நன்றாக இருந்தது, பின் கெட்டது என்றால் காரணம் அந்த ரிப்பேருக்குள்தான் இருக்க வாய்ப்பு அதிகம். பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் எழுதாத வேலையையும் கேளுங்கள். “ஆட்டம் இருந்துச்சு, ஸ்டீயரிங் பாக்ஸ்ல ஸ்க்ரூவைக் கொஞ்சம் டைட் பண்ணேன்” என்பது எந்த பில்லிலும் வராது. நான் பார்த்த வண்டிகளில் பாதிக்குமேல் அந்த வாக்கியம்தான் காரணம்.

அதற்கும் முன்னால் இரண்டு நிமிட வேலை ஒன்று: டயரில் காற்று. குறைந்தால் ஸ்டீயரிங் கனக்கும். ஞாயிறு காலை கனகபுரா பக்கம் மண்ணிலும் பாறையிலும் ஓட்டுவதற்காக 18 பிஎஸ்ஐக்கு இறக்கிவிட்டு, வரும் வழியில் நிரப்ப மறந்துபோனவர்கள் எனக்குத் திங்கட்கிழமை போன் செய்திருக்கிறார்கள்.

தார் ரோட்டில் திருப்பும்போது மட்டும் இறுகுகிறது, வண்டியே பிடித்து இழுப்பதுபோல இருக்கிறது. இது ஸ்டீயரிங்கா?

பெரும்பாலும் இல்லை. ஃபோர் வீல் லிவரைப் பாருங்கள். ஜிப்சி, பழைய மகேந்திரா ஜீப் போன்றவற்றில் ஃபோர் வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படும். வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன, அதனால் வேகமாகச் சுற்ற வேண்டும். மண்ணில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும். தாரில் வழுக்காது. அந்த முறுக்கு முழுவதும் ஸ்டீயரிங்கில் கனமாக வந்து நிற்கும்.

கியர் பாக்ஸோ கிளட்ச்சோ இறக்கி ஏற்றிய வண்டியில் இது அடிக்கடி நடக்கிறது. சோதித்துப் பார்த்தவர் லிவரை ஃபோர் ஹையிலேயே விட்டிருப்பார், அல்லது லிவர் டூ வீலில் இருந்தாலும் உள்ளே கியர் முழுதாகக் கழன்றிருக்காது. முன் சக்கர ஹப்புகளை இரண்டு பக்கமும் ஃப்ரீ நிலைக்குத் திருப்பிவிட்டு அதே திருப்பத்தில் ஓட்டிப் பாருங்கள். இறுக்கம் போய்விட்டால் ஸ்டீயரிங்கைத் தொட வேண்டாம், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இரண்டு அச்சுக்கும் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) பக்கம் பாருங்கள்.

அதுவும் இல்லை. எந்த இடத்தில் இறுக்கம் என்று நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஸ்டீயரிங் வீலிலிருந்து டயர் வரை ஒரு சங்கிலி இருக்கிறது: வீல், ஸ்டீயரிங் காலம் (வீலிலிருந்து கீழே போகும் தண்டு), நடுவில் யூனிவர்சல் ஜாயின்ட், ஸ்டீயரிங் பாக்ஸ், டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராடு, இரண்டு பக்கமும் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் துண்டு), கிங்பின், கடைசியில் டயர். இதில் கண்ணி கண்ணியாகக் கழற்றி, எந்தப் பக்கம் இறுக்கம் நிற்கிறது என்று பார்ப்பதுதான் முழு முறையும்.

சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, முன் அச்சுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாம் ஸ்டாண்டு ஆகாது. அவை சொல்லாமல் உடையும்.

இப்போது ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். டயர் தரையில் இல்லாதபோது ஒரு விரலால் திரும்பினால் உள்ளே எதுவும் பிடிக்கவில்லை. சந்தேகம் டயர், காற்று, கேஸ்டர் கோணம் (கிங்பின்னின் பின்சாய்வு) பக்கம் போகிறது. தூக்கிய பிறகும் கனமாகவே இருந்தால் அடுத்த கட்டம்.

டிராப் ஆர்மிலிருந்து டிராக் லிங்கைக் கழற்றுங்கள். காஸில் நட்டின் ஸ்பிலிட் பின்னை எடுத்து, நட்டை நுனிவரை தளர்த்தி, பால் ஜாயின்ட் புல்லரால் பிரியுங்கள். புல்லர் இல்லையென்றால் ஆர்மின் பக்கவாட்டில் சுத்தியலால் ஒரு நல்ல அடி. ஸ்டட்டின் மறையில் அடித்தால் அந்த ஜாயின்ட் போனது. பிரிந்ததும் இரண்டு சோதனை. ஸ்டீயரிங் வீலைத் திருப்புங்கள். அது கனமாக இருந்தால் காரணம் பாக்ஸிலோ அதற்கு மேலேயோ இருக்கிறது. வீல் லேசாக இருந்தால், முன் டயரைக் கையால் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். அங்கே கனம் என்றால் நக்கிள் பக்கம். அப்போது டை ராடின் ஒரு முனையையும் பிரித்துவிட்டு இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் தனித்தனியாகத் திருப்பிப் பாருங்கள். ஒன்று லேசாகவும் ஒன்று இறுக்கமாகவும் இருந்தால் குற்றவாளி கையில் கிடைத்துவிட்டது.

இதற்கு நடுவில் ஸ்டீயரிங் உதறலை அடக்கும் டேம்பரின் ஒரு முனையையும் கழற்றிப் பாருங்கள். வளைந்த டேம்பர் சில வண்டிகளில் ஒரு பக்கத் திருப்பத்தை மட்டும் கனமாக்கும். திரும்ப மாட்டும்போது ஸ்பிலிட் பின் எல்லாம் புதியது போடுங்கள். பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள். பத்து ரூபாய் சாமான், ஆனால் ஸ்டீயரிங்கையே அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கிங்பின் பேரிங் மாற்றிய பிறகு இறுகியது. ஓட ஓட சரியாகுமா?

சரியாகாது. இதை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிப்சியின் முன் அச்சில் ஒவ்வொரு பக்கமும் நக்கிள், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கிங்பின்களில் தொங்குகிறது. இரண்டிலும் டேப்பர் ரோலர் பேரிங். கிங்பின்னின் தட்டுக்கும் நக்கிளுக்கும் நடுவே காகிதம்போல மெல்லிய ஷிம்கள் இருக்கும். ஷிம்மை எடுத்தால் கிங்பின் இன்னும் உள்ளே இறங்கி பேரிங்கை அழுத்தும், சேர்த்தால் தளரும்.

என் வண்டியில் நடந்தது இதுதான். பேரிங் தேய்ந்து ஆட்டம் வந்தபோது, எனக்கு முன் வைத்திருந்தவர் காலத்தில் யாரோ ஷிம்களை எடுத்துவிட்டு ஆட்டத்தை மறைத்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்கு அது பலித்திருக்கும். கேரேஜில் புது பேரிங் போட்டபோது, மிச்சமிருந்த அதே ஷிம்களோடு மாட்டிவிட்டார்கள். தேயாத பேரிங்குக்கு அந்த அழுத்தம் மிக அதிகம். அளந்து பார்க்காமல் மாட்டியதுதான் தவறு, பேரிங்கில் குறையில்லை.

அளக்க என்ன வேண்டும் என்றால், பழைய பேப்பர்காரர் வைத்திருக்கும் கொக்கித் தராசு போதும். நக்கிளின் பின்னால் உள்ள வட்ட ஆயில் சீலைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, டை ராடையும் பிரித்துவிட்டு, டை ராடு மாட்டும் ஓட்டையில் கொக்கியைப் போட்டு, ஆர்முக்குச் செங்குத்தாக இழுங்கள். நக்கிள் அசைய ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில் தராசு என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சுசுகி சொல்லும் அளவு ஏறத்தாழ 1 முதல் 1.8 கிலோ. என் வண்டியின் வலது பக்கத்தில் 5 கிலோவைத் தாண்டியும் நக்கிள் அசையவில்லை. ஷிம் சேர்த்துச் சேர்த்து அளந்து, இரண்டு பக்கமும் ஒன்றரை கிலோ பக்கத்தில் கொண்டுவந்தேன். அன்று மாலை ஏரியோரத் திருப்பத்தில் கையை எடுத்தேன், ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வந்து நின்றது.

ஓட ஓட ஏன் சரியாகாது? சாதாரண வீல் பேரிங் முழுச் சுற்றாகச் சுற்றுகிறது. கிங்பின் பேரிங் அப்படியில்லை, கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம், பெரும்பாலான நேரம் நேராக நின்ற நிலை. அதிக அழுத்தத்தில் அதே நிலையில் ரோடு அதிர்ச்சியை வாங்கி வாங்கி, ரோலர்கள் வளையத்தில் பள்ளம் பதித்துவிடும். பிறகு இறுக்கம் குறைந்ததுபோலத் தெரியும், ஆனால் நேர்நிலையில் ஸ்டீயரிங் ஒரு குழியில் விழுந்து நிற்பதுபோல இருக்கும். அதைத்தான் “லூஸ் ஆயிடுச்சு” என்கிறார்கள். புது பேரிங் பாழானதற்குப் பெயர் அது.

இன்னொன்று: அந்த வட்ட சீல் காய்ந்து கெட்டியாகியிருந்தாலும், புது சீலைக் கிரீஸ் தடவாமல் மாட்டினாலும் தனியாக ஒரு இறுக்கம் வரும். ஓடை, ஏரிக்கரை என்று தண்ணீரில் இறக்கும் வண்டி என்றால் நக்கிளுக்குள் கிரீஸோடு தண்ணீர் கலந்திருக்கும், பால் ஊற்றிய காப்பி நிறத்தில். அதை முழுதாகத் துடைத்து எடுத்துவிட்டுப் புது கிரீஸ் வையுங்கள்.

ஸ்டீயரிங் பாக்ஸ் ஸ்க்ரூவை டைட் செய்தால் ஆட்டம் போகுமே, அதில் என்ன தவறு?

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் அந்த ஸ்க்ரூவைத் தொடுவதுதான் தவறு. ஒருவரை உட்கார்ந்து வீலை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே ஒவ்வொரு பால் ஜாயின்ட்டின் மேலும் கை வையுங்கள். பெரும்பாலும் ஆட்டம் ஜாயின்ட்டில் இருக்கும், அல்லது பாக்ஸை சேஸிஸோடு பிடிக்கும் போல்ட் தளர்ந்திருக்கும்.

ஜிப்சியின் பாக்ஸ் ரீசர்குலேட்டிங் பால் வகை. நேர்நிலையில் பற்கள் மிக நெருக்கமாகவும், இரண்டு ஓரங்களில் கொஞ்சம் தளர்வாகவும் சேரும்படிதான் அதைச் செய்கிறார்கள். நாம் அதிக நேரம் ஓட்டுவது நேராக என்பதால் தேய்மானமும் நடுவில்தான் வரும். அந்த ஆட்டத்தை ஸ்க்ரூவால் எடுத்தால் நடுவில் சரியாகி ஓரங்களில் இறுகும். தேய்மானமில்லாத பாக்ஸில் எடுத்தால் நடுவிலேயே பிடித்துக்கொள்ளும்.

சரிசெய்தே ஆகவேண்டும் என்றால் டிராக் லிங்கைக் கழற்றிய நிலையில் செய்யுங்கள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை எத்தனை சுற்று என்று எண்ணி, சரிபாதியில் நிறுத்துங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடுத்து, மெல்ல உள்ளே கொண்டுவாருங்கள். நடுவைக் கடக்கும்போது விரலுக்கு ஒரு சின்ன எதிர்ப்பு தெரிந்ததும் போதும். ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்குங்கள். பிறகு ஓரத்திலிருந்து ஓரம்வரை இரண்டு முறை திருப்பிப் பாருங்கள்.

உள்ளே இருக்க வேண்டியது கியர் ஆயில். சீல் ஒழுகுகிறது என்று கெட்டி கிரீஸை அடைத்த பாக்ஸ்களைப் பார்த்திருக்கிறேன். கிரீஸ் ஒதுங்கி நிற்கும், பற்கள் காய்ந்து ஓடும்.

அலைன்மென்ட் செய்த பிறகு நடுவில் லேசாகவும், சற்று இடது பக்கம் இறுக்கமாகவும் இருக்கிறது. ஏன்?

ஸ்டீயரிங் வீல் கோணலாக நின்றதால், அவர்கள் வீலையே கழற்றி நேராக மாட்டியிருப்பார்கள். பார்க்க நேராகிவிட்டது, ஆனால் பாக்ஸின் நடு இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது. மேலே சொன்ன அந்த நெருக்கமான இடம் இப்போது பக்கவாட்டில் வருகிறது. வீலைப் பழைய இடத்திலேயே மாட்டி, டிராக் லிங்கின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து நேராக்க வேண்டும்.

ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை இறுகி இளகுகிறது.

யூனிவர்சல் ஜாயின்ட். டிங்கரிங், பெயின்ட் வேலைக்குப் போய்வந்த வண்டியில் இது வரும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதில் துரு பிடித்திருக்கும், அல்லது பாடியை உயர்த்தி இறக்கியதில் ஸ்டீயரிங் காலத்தின் கோணம் மாறியிருக்கும். ஜாயின்ட்டைக் கழற்றிக் கையால் மடக்கிப் பாருங்கள். எந்தத் திசையில் பிடித்தாலும் அதை மாற்றிவிடுங்கள். எண்ணெய் ஊற்றி இளக்கியது இரண்டு மழைக்குத் தாங்காது.

பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாற்றி வண்டியை உயர்த்திய பிறகு கனம் கூடிவிட்டது.

கேஸ்டர் மாறியிருக்கும். கிங்பின்னின் மேல்முனை சற்றுப் பின்னால் சாய்ந்து நிற்பதுதான் கேஸ்டர். அந்தச் சாய்வால்தான் ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருகிறது. சாய்வு கூடினால் கனம் கூடும், குறைந்தால் லேசாகி, ஆனால் திரும்பி வராமல் அலையும். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே வைக்கும் ஆப்பை முன்பின் மாற்றி வைத்துவிட்டால் சரிசெய்யப் போனது இரட்டிப்பாகக் கெடும். ஆப்பின் தடித்த பக்கம் எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டையின் நடு போல்ட் அச்சின் குழியில் சரியாக உட்காராமல் யூ போல்ட்டை இறுக்கியிருந்தால் அச்சே கோணலாக நிற்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பெரிய டயர் போட்டேன்.

அகலமான டயர், வெளியே தள்ளி நிற்கும் ரிம் இரண்டும் கனத்தைக் கூட்டும். ரிம் வெளியே போகப் போக, கிங்பின்னைச் சுற்றி டயர் தரையில் தேய்க்கும் தூரம் கூடுகிறது. இதற்கு ரிப்பேர் கிடையாது. கைக்கு ஒத்துவரும் அளவில் டயர் போடுங்கள்.

என்னுடையது ஜிப்சி இல்லை, பழைய மகேந்திரா ஜீப்.

முறை அதேதான். வில்லிஸ் வழியில் வந்த சிஜே3பி வகை ஜீப்பில் டிராக் லிங்குக்கும் டை ராடுகளுக்கும் நடுவே பெல் கிராங்க் என்று ஒரு கை, ஒரு ஊசியில் சுழலும். கிரீஸ் நிப்பிள் அடைத்துப்போனால் அது ஊசியிலேயே பிடித்துக்கொள்ளும். முதலில் அங்கே கிரீஸ் கன்னை வையுங்கள். பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வந்தால்தான் உள்ளே போகிறது என்று அர்த்தம்.

பொலேரோ, ஸ்கார்ப்பியோ போன்ற ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் வண்டி என்றால்?

முன்பக்கத்தைத் தூக்கி, இன்ஜினை அணைத்துத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் பிடித்து நின்றால் மேலே சொன்ன இயந்திரக் காரணங்கள்தான். அணைத்தபோது சீராகத் திரும்பி, தரையில் இன்ஜின் ஓடும்போது கனமாக இருந்தால் உதவி வந்து சேரவில்லை. ரிப்பேருக்குப் பிறகு என்றால் மூன்று காரணங்கள் முன்னால் நிற்கும்: பெல்ட் தளர்வு, மடங்கிய ஹோஸ், உள்ளே காற்று. டப்பாவில் ஆயில் நுரைத்திருந்தால் காற்று இருக்கிறது. சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினைப் போடாமல் ஓரத்திலிருந்து ஓரம் பதினைந்து இருபது முறை மெல்லத் திருப்பி, ஆயில் இறங்க இறங்க ஊற்றுங்கள். அவசரத்துக்குக்கூட பிரேக் ஆயிலை அதில் ஊற்றாதீர்கள், சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் மோட்டாரை மாட்டிவிட்டால் பிரச்சினை தீருமே?

ஒரு தம்பி இதைக் கேட்டபோது நான் கொஞ்சம் கோபமாகவே பதில் சொன்னேன், இப்போதும் அதே பதில்தான். இறுக்கத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மோட்டார் மாட்டக் கூடாது. பிடித்துக்கொண்ட கிங்பின்னை மோட்டார் தள்ளித் திருப்பும், உங்கள் கைக்குத் தெரியாது. கைக்குத் தெரிந்துகொண்டிருந்த ஒரே எச்சரிக்கையும் போய்விடும். எல்லாம் சரியாக இருந்து, தோள் வலியோ வயதோ காரணமாக லேசான ஸ்டீயரிங் வேண்டும் என்றால் அது வேறு விஷயம். அப்போது தாராளமாகப் பேசலாம்.

பெங்களூரில் சாமான் எங்கே வாங்குவது?

ஜே.சி. ரோடும் கலாசிப்பாளையமும்தான். பழைய சாமானை ஒரு துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கடையில் கவுன்டருக்கு அந்தப் பக்கம் தமிழ் பேசுபவர் ஒருவராவது இருப்பார். ஷிம் கேட்டால் ஒரே தடிமனில் கொடுப்பார்கள், மெல்லியதும் தடித்ததும் கலந்து கேளுங்கள். சிவாஜிநகர் குஜரியில் (பழைய சாமான் சந்தை) கதவு, பம்பர், சீட் வாங்குங்கள். பால் ஜாயின்ட்டும் கிங்பின்னும் அங்கே வாங்காதீர்கள். விலை வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் வேண்டாம்.

சரிசெய்யும்வரை ஓட்டலாமா?

சீரான கனம் மட்டும் என்றால் மெதுவாகக் கேரேஜ்வரை ஓட்டலாம். ஸ்டீயரிங் ஒரு இடத்தில் மாட்டி நின்றாலோ, திருப்பும்போது “டக்” என்று சத்தம் வந்தாலோ, நேற்றைவிட இன்று இறுக்கம் கூடியிருந்தாலோ ஓட்டாதீர்கள். டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள். ஓசூர் ரோட்டில் லாரிக்குப் பக்கத்தில் அதைச் சோதிக்க வேண்டாம்.

எல்லாம் மாட்டிய பிறகு எப்படிச் சோதிப்பது?

முதலில் நின்ற இடத்தில், ஓரத்திலிருந்து ஓரம்வரை திருப்பும்போது பிரேக் ஹோஸ் எங்கும் இழுபடாமல், டயர் பட்டையில் உரசாமல் இருக்கிறதா என்று இன்னொருவரைக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஆள் நடமாட்டமில்லாத காலி மைதானத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் எட்டுப் போடுங்கள். இரண்டு பக்கமும் ஸ்டீயரிங் ஒரே மாதிரி திரும்பி வர வேண்டும். ரோட்டில் போகும்போது ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியதும் வீல் கையில் உதறினால் கிங்பின் இப்போது தளர்வாகிவிட்டது, ஒரு ஷிம்மை எடுக்க வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கிங்பின் போல்ட், யூ போல்ட், பாக்ஸ் போல்ட் மூன்றையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள். கொக்கித் தராசையும் இன்னொரு முறை மாட்டி, வந்த அளவை வண்டி புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்து உங்கள் வண்டியைத் தொடுபவருக்கு அது தேவைப்படும்.